ஏலத்துக்குப் போன நார்த்தங்காய் ஊறுகாய்

அக். 10, வெள்ளி

காலையிலிருந்து தூறல். மார்க்கெட் ரோடு முழுக்கச் சேறு. பி.பி. மாத்திரை வாங்க வேண்டும். போகவில்லை.

எஸ்தர் இறந்து ஐந்து மாதம். எல்லோரும் அழுதார்கள். மனைவிக்காக எனக்கு இன்னும் அழுகை வரவில்லை.

பதினொரு மணிக்குச் சபையிலிருந்து இரண்டு பெண்கள். ஞாயிறு சர்ச்சில் அறுப்பின் பண்டிகை, ஏலம் விடக் காணிக்கைப் பொருள் வேண்டுமாம். தேங்காய், கோழி, கேக், எதுவானாலும். "கிச்சன் ஷெல்ஃப்ல என்ன இருக்கோ எடுத்துக்கோங்கம்மா." டி.வி.யிலிருந்து தலையைத் திருப்பவில்லை நான்.

சாயந்திரம் தயிர் சாதம். ஷெல்ஃபில் நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில் இல்லை. எஸ். கடைசியாகப் போட்டது. தீர்ந்துவிடுமே என்று மூடியே திறக்காமல் வைத்திருந்தேன். நானே தூக்கிக் கொடுத்திருக்கிறேன், மடையன்.

அக். 11, சனி

வெயில். மாத்திரை வாங்கியாயிற்று. கேளம்பாக்கம் ஃப்ளாட் இரண்டுக்கும் வாடகை வந்துவிட்டது. வந்தால் என்ன.

கர்த்தருக்குக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வாய் வரவில்லை. ஏலத்தில் எடுப்பதுதான் வழி. நான் கை தூக்கினால் பரிதாபமாகப் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டு டேனியலை அவர் பெயரில் கேட்கச் சொன்னேன்.

"எவ்வளவு வரைக்கும் போகலாம் சார்?"

"எவ்வளவானாலும்."

அக். 12, ஞாயிறு

பிரசங்கம்: போதும் என்ற மனம். நாற்பது நிமிடம். முடிந்த கையோடு அதே போதகர் மைக்கில், "ஒரு பூசணிக்கு இவ்வளவுதானா? இன்னும் ஏத்துங்க!" எஸ். இருந்தால் முழங்கையால் இடித்திருப்பாள்.

நான் வெளியே காரில். மைக் நன்றாகக் கேட்டது.

"நார்த்தங்காய் ஊறுகாய்! மேரி அக்கா நூறு. டேனியல் சார் இருநூறு. மேரி அக்கா முந்நூறு!"

மேரி எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவள். எஸ். போனபின் ஒற்றை ஆளுக்கு எதற்கு என்று நான்தான் நிறுத்தினேன்.

எழுநூறு. எண்ணூறு. போய் டேனியலை நிறுத்தியிருக்கலாம். கார்க் கதவில் கை வைத்தேன். எடுத்துவிட்டேன். டேனியல் இரண்டாயிரம். அப்புறம் மேரி பெயர் வரவில்லை. கைதட்டல்.

பாட்டில் வீட்டுக்கு வந்துவிட்டது. ஒன்றும் தோன்றவில்லை.

அக். 13, திங்கள்

மேகமூட்டம். மேரிக்கும் எஸ். நினைவாக ஏதாவது வேண்டியிருந்திருக்கும். இரண்டு ஃப்ளாட் வைத்திருப்பவன் அதையும் விடவில்லை. வெட்கமாக இருக்கிறது. ஐந்து மாதத்தில் ஏதோ உறைத்தது இன்றைக்குத்தான்.

பாட்டிலை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். "உனக்குத்தான் மேரி."

"எனக்கு இன்னாத்துக்கு சார்? அம்மா அப்பவே எனக்கும் ஒரு பாட்டில் குட்த்தாங்க. பாதி இன்னும் கீது. சார் தெரியாம குட்த்துட்டாரு, எடுத்துகினு போய் அவராண்டயே குட்த்துடலாம்னுதான் கேட்டேன். அந்த டேனியல் சார் வுட்டாதானே!"

டேனியலை அனுப்பியதே நான்தான் என்று சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டாள்.

"நல்ல கூத்து சார். குந்துங்க, ஒரு வாய் சாப்டுங்க. உங்க பாட்டில தொறக்க வாணாம். என்னுத தொட்டுக்கங்க."

சாப்பிட்டேன். உப்பு தூக்கல். எஸ். கையே அப்படித்தான். மறந்திருந்தேன். மேரி இன்னொரு கரண்டி சாதம் போட்டாள், நான் அழுவதைப் பார்க்காத மாதிரி.