ஒன்பதாம் பாடத்தில் உன் குரல்

கணினியைக் கடையிலிருந்து தூக்கிவந்து இப்போதுதான் மேசைமேல் வைத்தேன். மைக்கின் பஞ்சில் இன்னும் உன் பவுடர் வாசம். கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே, “அக்கா, ஹார்ட் டிஸ்க் ஹாபிஸ் லா, செத்துப்போச்சு. உள்ள இருந்தது ஒண்ணுகூட எடுக்க முடியல” என்றார். உள்ளே இருந்தது நீ என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

ஷா ஆலம் தொழிற்சாலையில் நாம் இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஜப்பானிய மொழி பேசத் தெரிந்த ஒருவரை ஜப்பானுக்கே பயிற்சிக்கு அனுப்பப்போவதாக அறிவிப்பு வந்த அன்று, பஸ்ஸிலேயே நீ முடிவெடுத்துவிட்டாய். “வகுப்புக்குப் போக நேரம் ஏது? கம்ப்யூட்டர் வாங்குவோம்டி. அது திட்டாது.” பழைய கணினி ஒன்று, ஒரு மென்பொருள், அட்டை கிழிந்த அகராதி. பிரிக்ஃபீல்ட்ஸில் உன் வீட்டுக் கூடத்தில் ஞாயிறுதோறும் நம் பள்ளிக்கூடம். திரையில் ஒரு பெண் வாக்கியம் சொல்வாள், நீ மைக்கில் திருப்பிச் சொல்வாய், அது உன் குரலைப் பதிந்துகொள்ளும். நான் நோட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த வாரம் பேசுகிறேன் என்று நழுவுவேன். “ஊமைக்கு எதுக்குடி ஜப்பான்?” என்பாய்.

ஒன்பதாம் பாடம் பயணத்தைப் பற்றியது. பஸ்ஸில் வந்தேன், ஒரு மணி நேரம் ஆயிற்று, வழியில் மழை பெய்தது. மூன்றாவது வாக்கியத்தை நீ சொல்லும்போது உன் அம்மா அடுப்படியிலிருந்து, “அந்தச் சப்பான்காரிய விட்டுட்டு வாங்கடி, தோசை ஆறுது” என்று கத்த, பாதியில் சிரித்துவிட்டாய். சிரிப்பும் பதிவாகிவிட்டது. அடுத்த வாரம் உனக்கு டெங்கிக் காய்ச்சல். எட்டே நாளில் போய்விட்டாய்.

“இதப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாதும்மா” என்று உன் அம்மா கணினியை என்னிடமே கொடுத்துவிட்டார். ஜப்பானுக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்கு ஒரு மாதம் இருந்தது. கிள்ளானில் என் அறையில் வெறிபிடித்தவள்போல் எட்டுப் பாடங்களைப் பேசித் தீர்த்தேன். பிறகு உன் குரலைக் கேட்க ஆசைப்பட்டு முதல் பாடத்தைத் திறந்தால், என் குரல். இரண்டாவதிலும் என் குரல். ஒரு வாக்கியத்துக்கு ஒரு குரலைத்தான் அது வைத்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது. உன்னை என் வாயாலேயே அழித்திருந்தேன். தரையில் உட்கார்ந்து கதறினேன்.

மிஞ்சியது ஒன்பதாம் பாடம் ஒன்றுதான். அதைத் தொடாமல் பத்துக்குப் போனேன். மைக் இல்லாமல் சும்மா சொல்லிப் பார்க்கக்கூடப் பயமாக இருந்தது.

தேர்வில் அந்த ஜப்பானியர் சிரித்தபடி கேட்ட முதல் கேள்வி, இங்கே எப்படி வந்தீர்கள் என்பது. கேள்வி புரிந்தது. பதிலும் காதில் கேட்டது, உன் குரலில். எனக்கு வாய் திறக்கவில்லை. வேறொருத்தி ஜப்பானுக்குப் போனாள்.

அதற்காக நான் அழவில்லையடி. நான்கு வருடமாக அந்தச் சப்பான்காரியை விட்டுவிட்டு உன்னை மட்டுமே போட்டுப் போட்டுக் கேட்டவள், ஒரு கேசட்டில் பிடித்து வைத்திருக்கக் கூடாதா? நாளைக்கு, நாளைக்கு என்றே இருந்துவிட்டேன். என்னைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

இனி ஒன்பதாம் பாடத்தை நான் தாராளமாகப் பேசிப் படிக்கலாம், அழிய ஒன்றும் இல்லை. சற்று முன் பேசிப் பார்த்தேன். பஸ்ஸும் ஒரு மணி நேரமும் சரியாக வந்தன. மூன்றாவது வாக்கியத்தில், நீ சிரித்து நிறுத்திய இடத்திலேயே நானும் நின்றுவிட்டேன். அதன் மீதி எனக்குத் தெரியாது.