கோகுலனின் இரண்டு மருந்துப் பைகள்

கோப்பாய்,
மாசி மாதம்.

அன்பு மகள் மதுராவுக்கு அப்பா எழுதுவது. முருகன் காப்பாற்ற அம்மாவும் அண்ணை கோகுலனும் நானும் இருக்கிறோம், நோர்வேக் குளிரில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். இது என் சொந்தக் கையெழுத்து, பிள்ளை. வாசிகசாலையில் பின்னேரங்களில் கஜானி ரீச்சர் எழுத வாசிக்கச் சொல்லித் தந்தது. ஒரு வரி முடிய ஒரு வெற்றிலை முடிகிறது, ஆனாலும் விட மனமில்லை. இப்போது பஸ் பலகை, சவர்க்காரப் பெட்டி எல்லாம் சத்தமாக வாசிக்கிறேன், அம்மாவுக்கு ஒரே வெட்கம்.

அந்த வாசிப்பால் ஒரு காரியம் நடந்துவிட்டது. அண்ணையை ஊசிக்காக மனநோய்க் கிளினிக்குக்குக் கூட்டிப் போனபோது, வேறு இடத்தில் எடுக்கும் மருந்துகளையும் காட்டவும் என்று சுவரில் இருந்ததை எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தேன். அம்மா என் துடையில் கிள்ளி, "சும்மா இருங்கோ" என்றாள். நேர்ஸ் பிள்ளை கேட்டுவிட்டு, "வடிவா வாசிக்கிறியள் ஐயா, அப்ப வேறை மருந்தும் எடுக்கிறவரோ?" என்றது. நான் ஓம் என்றேன். நீ ஒழுங்கு செய்த தனியார் டொக்டரிடம் போவதைச் சொன்னால் கிளினிக்கில் ஏசுவார்கள் என்று எல்லாச் சனமும் மறைப்பது போலத்தான் நாங்களும் மறைத்திருந்தோம்.

டொக்டர் அம்மா தனியார் பையையும் வீட்டிலிருந்து எடுத்துவரச் சொல்லி, இரண்டு பைக் குளிசையையும் மேசையில் கொட்டிப் பார்த்தா. "ரெண்டு பேரும் ஒரே வேலைக்குத்தான் மருந்து எழுதியிருக்கிறம் ஐயா. அந்த டொக்டருக்கும் எங்கடை ஊசி தெரியாது. கூடிப்போனதாலைதான் கை நடுங்குது, அந்த நடுக்கத்துக்கு எண்டு இன்னொரு குளிசை" என்றா. வெங்காயத்தில் பூச்சி அடங்காவிட்டால் இரண்டு மருந்தைக் கலந்து அடிக்கிற ஆட்கள் நாங்கள், இதிலும் அப்படித்தான் நினைத்துவிட்டோம். வாய்நீர் வடிய அவன் நாள் முழுக்கப் படுத்ததை நோய் என்றே நம்பினோம். தானாக நிற்பாட்டக் கூடாது என்று சொல்லி, டொக்டர் அம்மாவே படிப்படியாகக் குறைத்தா. இனி ஊசியும் இரவுக்கு ஒரு குளிசையும்தான்.

குரல்கள் அவனுக்கு முழுதாகப் போகவில்லை. சில நேரம் கிணற்றடியில் நின்று யாரோடோ கதைக்கிறான். ஆனால் விடிய எழும்புகிறான், வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாற்றிவிடுகிறான், "அப்பா பள்ளிக்கூடம் போய் எங்களை மாட்டி விட்டிட்டார்" என்று பகிடி விடுகிறான். எத்தனை காலத்துக்குப் பிறகு அவன் சிரித்தான் தெரியுமோ.

இப்போது என் கவலை அம்மாதான். அன்று அவன் கிணற்றடியில் கதைத்ததை அவள் உனக்குச் சொல்ல, பழையபடி கூடுதலாகக் கொடுங்கோ, அவன் படுத்தால் நீங்களும் ஆறலாம் என்று நீ சொன்னாயாம். அவளுக்காகத்தான் சொன்னாய், தெரியும். அந்தத் தனியார் பையை அரிசி வாளிக்குள் வைத்திருக்கிறாள். கிளினிக்கில் கொடுத்துவிடுவோம் என்றால், "மதுரா சொல்லாமல் குடுக்கமாட்டன்" என்கிறாள். நான் சொன்னால் அவளுக்கு ஏறாது. நீ எடுத்துச் சொல்லு பிள்ளை.

எழுதியதை அண்ணைக்கு வாசித்துக் காட்டினேன். "தங்கச்சியிட்டைச் சொல்லுங்கோ, நான் மருந்து போடுவன். ஆனா என்னைப் படுக்க வைக்க வேண்டாம், முழிச்சிருக்க விடச் சொல்லுங்கோ" என்றான். அவன் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

எல்லோருக்கும் எங்கள் ஆசிகள். அடுத்த கிளினிக் பங்குனி முதல் செவ்வாய், அதற்கு முன் அம்மாவுக்கு ரெலிபோன் எடு.

உன் அப்பா,
க. தம்பிஐயா