அறுபத்து மூன்றாம் நிமிடம், இடது கணுக்கால்

செப்டம்பர் 10, புதன்

வரிசைப்படுத்தாமல் என்னால் எதையும் எழுத முடிவதில்லை. பிலார் ஊர்ப் பள்ளியில் முப்பத்தாறு வருடம் பூகோளம் நடத்தியவனின் வியாதி. இந்த நாட்களில் எழுத வேண்டியவை:

1. என் மகன் ஓஸ்மார் பராகுவே கால்பந்து அணியின் சட்டையில் ஆடிய முப்பத்து நான்கு ஆட்டங்கள். அவற்றில் அவன் வாங்கிய அடிகள்.
2. நேற்று சிலியுடன் நடந்த ஆட்டம். நடந்தது விபத்து.
3. விசாரணை.
4. என் நோட்டு. அவன் கால் இன்னும் முறியாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

நான்காவது தற்பெருமையோ? அடித்துவிடலாமா? இருக்கட்டும்.

நேற்று முப்பத்தெட்டாவது நிமிடம். சிலியின் வலப்பக்கத் தடுப்பாட்டக்காரன் கிறிஸ்தியான் பாவெஸ் பந்தை முன்னே தட்டிவிட்டான். பந்து போய்விட்டது. அதற்குப் பிறகுதான் ஓஸ்மார் வந்தான், இரண்டு காலும் தரையில் இல்லாமல். மைதானத்து ஓரமிருந்த மைக்கில் சத்தம் விழுந்தது. காய்ந்த கரும்பை முழங்காலில் வைத்து ஒடிப்பது போல. மூட்டே இல்லாத இடத்தில் அந்தப் பையனின் கால் மடங்கியது. அவன் கத்தவில்லை; புல்லைக் கடித்தான். ரெஃபரி சிவப்பு அட்டையை உயர்த்தியபோது அரங்கம் முழுக்க எழுந்து ஓஸ்மார் பெயரைச் சொல்லிப் பாடியது.

வழக்கம்போல நான் கதவுக்குப் பின்னால் நின்று டிவியில் பார்த்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு சிந்துல்ஃபோ கூவினார்: "வாத்தியாரே! பாத்தீங்களா? ஒரே இடி! ஆம்பளப் புள்ளய பெத்திருக்கீங்கய்யா!"

கையசைத்தேன். ஏன் அசைத்தேன்?

செப்டம்பர் 11, வியாழன்

முதல் விஷயம். ஆட்டத்தில் நான் பந்தைப் பார்ப்பதில்லை, ஓஸ்மாரை மட்டும் பார்ப்பேன். அவன் மேல் விழும் ஒவ்வொரு அடிக்கும் நோட்டில் ஒரு வரி. இதுவரை இருநூற்றுப் பதினொரு வரிகள்.

கித்தோவில் முழங்கை, இரண்டு பற்கள். லா பாஸில் விலாவில் முழங்கால். மூன்று வாரம் உட்கார்ந்தபடி தூங்கினான். லிமாவில் கட்டைவிரல் நகம் காலுறையோடு பிய்ந்து வந்தது. கார்னர் எடுக்கப் போனவன் மேல் கூட்டத்திலிருந்து பேட்டரி, நாணயம், ஒருமுறை பூட்டு. மார்ச்சில் சாந்தியாகோவில் இதே பாவெஸ், அறுபத்து மூன்றாம் நிமிடம், கீழே கிடந்தவனின் இடது கணுக்கால் மேல் ஆணி வைத்த பூட்ஸோடு ஏறி நின்று திரும்பினான். ரெஃபரி முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்.

உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஒவ்வொரு நாட்டோடும் இரண்டு முறை மோத வேண்டும், அவர்கள் ஊரில் ஒன்று, நம் ஊரில் ஒன்று. உதைத்தவன் மறுபடி வருவான். அதனால் இரண்டாவது ஆட்டத்துக்கு முன் ஒரு தாளில் எழுதி அனுப்புவேன்: சட்டை எண், பெயர், நிமிடம், எந்தக் கால். ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று. அவனுக்காக என்னால் முடிந்தது இவ்வளவுதான்.

செப்டம்பர் 12, வெள்ளி

ஓஸ்மாரின் வக்கீல் அம்மா ரெகால்தே தொலைபேசியில் பேசினார். வேண்டுமென்றே செய்தது என்று ஒழுங்குக் குழு முடிவு செய்தால் இரண்டு வருடத் தடை. ஓஸ்மாருக்கு முப்பத்தொன்று. அடுத்த ஜூனில் உலகக் கோப்பை. தடை வந்தால் நாட்டுக்காக ஆடுவது அதோடு முடிந்தது.

"சார், உங்க நோட்டு ஒண்ணு போதும். எரநூத்திப் பதினொரு அடி வாங்கியிருக்கான், ஒரு தடவகூட திருப்பிக் குடுத்ததில்ல. இத நீங்க வந்து உங்க வாயால சொல்லணும்."

"எனக்கு நாலு பேர் முன்னாடி பேச வராதும்மா."

"அது இன்னும் நல்லது சார். நம்புவாங்க."

செப்டம்பர் 13, சனி

பாவெஸுக்கு இரண்டாவது அறுவை சிகிச்சை. பாதத்துக்கு ரத்தம் போகவில்லையாம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஓஸ்மார் வந்தான். 

மகள் நிமியா அவன் பையைத் துவைக்க எடுத்தாள். முழங்காலுக்குக் கீழே கட்டும் தடுப்புக்குள்ளிருந்து, வியர்வையில் ஊறிய தாள்கள் வந்தன. என் கையெழுத்து. மடிப்பில் கிழிந்தவையும் இருந்தன. சில பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் 'சரி'க் குறி. சரியான விடைக்கு நான் போடுவேனே, வாலை நீட்டி, அதே குறி. பாவெஸ் பெயருக்குப் பக்கத்தில் மை இன்னும் பளிச்சென்று இருந்தது.

முற்றத்தில் அவன் தெரெரே ஊற்றிக்கொண்டிருந்தான், எல்லோரும் சேர்ந்து குடிக்கும் எங்கள் ஊர்க் குளிர்நீர் மூலிகைத் தேநீர். தாள்களை நீட்டினேன்.

"என்னடா இது?"

"என்னயக் கேட்டா? நீங்க எழுதினதுதான."

"ஜாக்கிரதையா இருக்கத்தானடா அனுப்பினேன்…"

"அப்டியா? படிங்க. சத்தமா படிங்க."

படித்தேன். 'எண் 4, பாவெஸ், 63ஆம் நிமிடம், இடது கணுக்கால்.'

"ஜாக்கிரதைன்னு எங்க இருக்கு? காட்டுங்க!"

எந்தத் தாளிலும் அந்த வார்த்தை இல்லை.

"நீங்க எண்ணுவீங்க, நான் வாங்கணும், இல்ல? கதவுக்குப் பின்னாடி நின்னுகிட்டு பென்சில் சீவுவீங்க! தடுப்புக்குள்ள வெச்சுக்கிட்டு ஆடினேன்பா. எங்கப்பா எனக்காகக் கோவப்படுறாருன்னு நெனச்சேன்!"

நாற்காலியை உதைத்தான். அது சுவரில் மோதி இரண்டு கால் முறிந்தது. குளிர்நீர் ஜாடி தரையில் சிதறியது. நிமியா குறுக்கே விழுந்து, "அடி, அவரயும் அடி! லிஸ்ட்ல அவரு பேரயும் எழுதிக்க!" என்று கத்தினாள். அவன் கை அந்தரத்தில் நின்றது.

நான் தலையை மூடிக்கொண்டிருந்தேன். என் மகனிடமிருந்து.

பிறகு புதுத் தண்ணீர் எடுத்து வந்தான். அவளுக்கு ஒரு குவளை, அவனுக்கு ஒரு குவளை. என்னைத் தாண்டிப் போனது. இந்த ஊரில் விரோதிக்குக்கூட அப்படிச் செய்ய மாட்டோம்.

செப்டம்பர் 15, திங்கள்

பழைய ஆட்டங்களின் பதிவுகளைக் காலை ஆறு மணியிலிருந்து பார்த்தேன். இந்த முறை ஓஸ்மாரை அல்ல, என் பட்டியலில் இருந்தவர்களை.

தாளில் எழுதி அனுப்பிய பதினொரு பெயர்களில் ஏழு பேர். கித்தோவின் முழங்கைக்காரன் இங்கே நடந்த ஆட்டத்தில் வாயைப் பொத்திக்கொண்டு வெளியேறுகிறான், விரல்களுக்கிடையே ரத்தம். லா பாஸ்காரன் விலாவைப் பிடித்துக்கொண்டு உருள்கிறான். இன்னொருவனுடைய கையை ஓஸ்மார் எழும்போது தெரியாததுபோல மிதிக்கிறான், ஒரு விரல் பின்பக்கம் மடங்குகிறது. எல்லாம் ரெஃபரியின் முதுகுக்குப் பின்னால். உடம்பில் எங்கே வாங்கினானோ அங்கேயே கொடுத்திருக்கிறான்.

எல்லாம் என் கண்முன் நடந்தவை. நான் அவன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிக்கிற நேரத்தில் அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை.

இரண்டாவது குறிப்பில் 'விபத்து' என்பதை அடித்துவிட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

நிமியா: "கொளுத்திருங்கப்பா. நோட்டையும் தாளையும். யாருக்குத் தெரியப் போவுது?"

மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்த அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்தேன். கொளுத்தவில்லை. நேர்மையா, பயமா? எனக்கே தெரியவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

தலைநகர் அசுன்சியோன். பேருந்தில் ஆறு மணி நேரம், நோட்டு மடியில்.

நீண்ட மேசை, ஒழுங்குக் குழுவின் மூன்று பேர், நடுவில் தலைவர். ஓஸ்மார் கழுத்துப்பட்டை கட்டியிருந்தான். பள்ளிக் குழுப் படத்தில் நிற்கிறவன் மாதிரி இருந்தான். வக்கீல் அம்மா கேட்டார்: "ஒரு தடவயாவது உங்க மகன் திருப்பி அடிச்சுப் பாத்திருக்கீங்களா சார்?"

 தலைவர் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். குவளையைத் தள்ளி வைத்தேன். நோட்டைத் திறந்து, அவன் திருப்பி அடித்த ஏழு பேரின் பெயர்களைப் படித்தேன். நிமிடத்தோடு. பிறகு தாள்களை மேசையில் வைத்தேன்.

தலைவர் கேட்டார், "இது யார் எழுதினது?"

"நான்."

"எதுக்கு எழுதினீங்க?"

பதில் சொல்ல நினைத்தேன். ஜாக்கிரதைக்காக என்று. ஆனால் மார்ச்சில் பாவெஸின் பெயரை எழுதும்போது பென்சில் முனை ஒடிந்தது நினைவு வந்தது. அவ்வளவு அழுத்தி எழுதியிருந்தேன். 

வாசலில் வக்கீல் அம்மா சொன்னார்: "நல்லா இருக்கு சார். பெத்த புள்ளய நீங்களே முடிச்சுட்டீங்க."

ஓஸ்மார் என்னைக் கடந்து காரில் ஏறினான்.

செப்டம்பர் 26, வெள்ளி

இரண்டு வருடத் தடை. சிந்துல்ஃபோ வேலியருகே வந்து காறித் துப்பிவிட்டுப் போனார். சுவரில் யாரோ 'துரோகி' என்று எழுதியிருக்கிறார்கள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

ஜன்னலில் கல். நெற்றியில் நான்கு தையல். மருத்துவரிடம் வழுக்கி விழுந்தேன் என்றேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

காலையில் ஓஸ்மாரின் கார். என் நெற்றியைப் பார்த்தான். "யாரு?" என்றான். பற்களைக் கடித்தபடி கேட்டான்.

யாரென்று எனக்குத் தெரியும். நடையை வைத்தே தெரியும். நான் பாடம் சொன்ன பையன்தான். எந்த நேரம், எந்தக் கை என்பதுகூட.

"பாக்கலடா" என்றேன்.

 பிறகு முற்றத்தில் உட்கார்ந்து தெரெரே ஊற்றினான். நிமியாவுக்கு ஒன்று. அவனுக்கு ஒன்று. மூன்றாவது குவளையை நீட்டினான். என் முகத்தைப் பார்க்காமல்தான்.

"பாவெஸ் ஊனுகோல் வெச்சு நிக்கிறானாம்" என்றான்.

வாங்கிக் குடித்தேன். 

அவன் போன பிறகு இந்த நாட்குறிப்பின் முதல் பக்கத்தைத் திருப்பினேன். நான்காவது குறிப்பு தவறு. என் நோட்டு எந்தக் காலையும் காப்பாற்றவில்லை.