கேரம் பலகையில் ஒரு பொய்

ஆகஸ்ட் 12, 1999, வியாழன்

பழங்காநத்தம் போய் நாகராஜனோடு கேரம் ஆடினேன். பக்கவாதம் வந்தபின் அவன் ஆடுவது இதுதான் முதல் தடவை.

கல்லூரி நாளிலிருந்தே அவனுடைய ஒரே கண்டனச் சொல் 'சீட்டிங்'. பஸ் நிற்காமல் போனால் சீட்டிங். சாம்பாரில் முருங்கைக்காய் இல்லையென்றால் சீட்டிங். நான் ஜெயித்த ஆட்டங்கள் அத்தனையும் சீட்டிங். ஒருமுறைகூட நான் ஏமாற்றியதில்லை. விடுதி மாடியில் அந்தக் கத்தலைக் கேட்பதற்காகவே ஜெயித்த மாலைகள் உண்டு.

இன்று வாசலிலேயே அவன் மனைவி சரோஜா, "அண்ணே, அவரை ஜெயிக்க விடுங்க. படுத்ததுலருந்து சிரிக்கவே இல்ல" என்றாள்.

சிவப்பைப் போட்டேன். அடுத்து ஒரு காயைப் போட்டால்தான் அது எனக்கு. குழி ஓரத்தில், ஊதினாலே விழும்படி ஒரு வெள்ளை நின்றது. அதை விட்டுவிட்டு வேறெங்கோ அடித்தேன்.

நாகராஜன் கத்தவில்லை. "மாப்ள, எனக்குக் கைதான் போச்சு, கண்ணு போகல. இதுக்குப் பேருதான்டா சீட்டிங்."

வீட்டுக்கு வந்து அகராதியைப் பார்த்தேன். தன் லாபத்துக்காகப் பிறரை ஏமாற்றுவது என்று போட்டிருக்கிறது. தோற்பதற்காக ஏமாற்றுகிறவனை அகராதி எழுதியவர்கள் எதிர்பார்க்கவில்லை போலும்.

அங்கே, அப்படிச் சொன்ன கையோடு அவனே ஆட்டத்தைக் கலைத்து மறுபடி காய்களை அடுக்கினான். கை நடுங்கியதால் வட்டம் அமைய வெகுநேரம் ஆயிற்று. நான் உதவவில்லை. அந்த ஆட்டத்தில் ஜெயித்தேன். வாய் ஒரு பக்கம் கோணச் சிரித்தான். சரோஜா அடுப்படியில் இருந்ததால் அதைப் பார்க்கவில்லை. ஜெயித்தது யார் என்று மட்டும் கேட்டாள்; நான்தான் என்றேன்.

எனக்குக் காபி வரவில்லை.