மோரிப் கடலில் மல்லாந்து கிடந்த நேரம்

தண்ணீரைத் தவிர வேறெதற்கும் அஞ்சாத என் அப்பாவுக்கு,

சுகம் விசாரித்து எழுத முடியாத இடத்துக்குப் போய்விட்டீர்கள். இந்த மாதத்தோடு இரண்டு வருஷம். எங்கள் வாசகசாலைக் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால் உங்களைத் தவிர வேறு யாரிடமும் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நாலு பேர் படிப்பார்கள், படிக்கட்டும். உங்களிடம் மறைத்ததை நாலு பேர் அறியச் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் கடலில் நீந்தினேன் அப்பா. மோரிப்பில். கரையோரம் கால் நனைத்துவிட்டு வந்ததைச் சொல்லவில்லை. அரை மைல் தூரம், காலுக்கடியில் தரையில்லாத ஆழத்தில்.

உங்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். ஊரிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய அன்றே, படகுக்கும் துறைமுகப் படிக்கட்டுக்கும் நடுவில் விழுந்தவர் நீங்கள். ஒரு மலாய்ப் படகுக்காரர் உங்கள் குடுமியைப் பிடித்துத் தூக்கிப் போட்டாராம். அதோடு தண்ணீருக்கும் உங்களுக்கும் பேச்சு முடிந்தது. குளிக்கும்போதுகூடத் தலையில் மொண்டு ஊற்ற மாட்டீர்கள், ஈரத்துணியால் துடைத்துக்கொள்வீர்கள். கிள்ளானுக்கு ரயிலில் போனால் ஆற்றுப் பாலம் வருவதற்கு முன்பே ஜன்னல் பலகையை இறக்கிவிடுவீர்கள். பந்திங்கில் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு எல்லோரும் சம்பான் படகில் ஆற்றைக் கடந்தோம். நீங்கள் மட்டும் சுற்றுப்பாதையில் நடந்து, தாலி கட்டி முடிந்தபிறகு வந்து சேர்ந்தீர்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே யார்டில் ஓடும் வண்டிகளுக்கு இடையில் புகுந்து தண்டவாளம் மாற்றிவிடும் ஆள், அரையடித் தண்ணீரைப் பார்த்து ஒதுங்குவதை நான் சின்ன வயசில் வேடிக்கையாக நினைத்திருக்கிறேன். இப்போது நினைக்கவில்லை.

நான் மறைத்த விஷயம் இதுதான். ஏழு வருஷத்துக்கு முன், ஒவ்வொரு ஞாயிறும் டைப்ரைட்டிங் கிளாஸுக்குப் போகிறேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினேனே, நான் கிளாஸுக்குப் போகவில்லை. பெட்டாலிங் பக்கம், ஈயம் தோண்டி முடித்துக் கைவிட்ட பள்ளத்தில் தண்ணீர் தேங்கிய ஈயக்குட்டை ஒன்று இருக்கிறது. அங்கே ரயில்வே பட்டறை ஃபிட்டர் சவரிமுத்து எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தான். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன். இன்றுவரை எனக்கு டைப் அடிக்கத் தெரியாது. நீங்களோ யார்டு முழுக்க, "எம் மவன் டைப்பு படிக்கிறான்" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

மோரிப்புக்குப் போவது என்று சவரி முடிவு செய்ததும், அம்மாவிடமாவது சொல்லிவிடலாம் என்று சனிக்கிழமை காலை அடுப்படிக்குப் போனேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சுற்றி வளைத்து ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"குட்டைக்குப் போனது அவருக்குத் தெரியும்டா."

"எவருக்கு?"

"ஒங்கப்பாவுக்குத்தான். ஒந்துண்டுல சேத்து வாட வந்துச்சாம். ஒரு ஞாயித்துக்கெழம ஒம் பின்னாலயே வந்துட்டாரு. லாலான் புல்லுக்குள்ள ஒளிஞ்சு நின்னு பாத்தாராம்."

அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"வந்தவரு ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சாரு. 'முங்குறான், எந்திரிக்கிறான், முங்குறான், எந்திரிக்கிறான், என்னால நிக்க முடியல புள்ள'ன்னாரு."

"பின்ன ஏம்மா என்னைக் கூப்பிடல?"

"நானும் அதத்தான் கேட்டேன். 'கூப்புட்டா திரும்பிப் பாப்பான். அந்த நேரத்துல கை நின்னுபோச்சுன்னா?'ன்னு கேட்டாரு. அதுக்கப்புறமும் டைப்பு படிக்கிறான், டைப்பு படிக்கிறான்னு ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டுத்தான் திரிஞ்சாரு."

அப்பா, எத்தனை ஞாயிறு இப்படித் தெரிந்துகொண்டே என்னை அனுப்பி வைத்தீர்கள்? நான் சைக்கிளில் ஏறும்போது வாசலில் நின்று, "பாத்துப் போடா" என்பீர்களே, அது சாலையைப் பார்த்துப் போகச் சொன்னதுதானா?

அம்மா கீரையை அலசிவிட்டு, "நானும் வரேன்" என்றாள். அவ்வளவுதான் அவள் சொன்ன அனுமதி.

மறுநாள் காலை ரயிலில் கிள்ளான், அங்கிருந்து பஸ்ஸில் பந்திங், பிறகு மோரிப். போய்ச் சேர்ந்தபோது அலை ஏறி நின்றது. கடலுக்குள் ஒரு கேலோங் தெரிந்தது. மீன் சிக்குவதற்காகக் கம்பங்களை வரிசையாக நட்டு அடைத்திருப்பார்களே, அதுதான். அதுவரை நீந்துவது என்று பேச்சு. சவரிக்குப் பழக்கமான மீன்காரர் பாக் சமாட் சம்பானை வலித்துக்கொண்டு என் பக்கத்திலேயே வருவார். சவரி அதில் உட்கார்ந்துகொள்வான். அம்மா சவுக்கு மரத்தடியில் சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்தாள்.

முதலில் நன்றாகத்தான் போனது. குட்டையில் பழகிய கைதானே. ஆனால் குட்டைக்கு நாலு பக்கமும் கரை உண்டு. கடலில் தலையைத் தூக்கினால் ஒரு பக்கம்தான் கரை, அதுவும் சிறுத்துக்கொண்டே போகிறது. தண்ணீர் குளிர்ந்து, கறுத்து வந்தது. ஒரு அலை முகத்தில் அறைந்து, வாய் நிறைய உப்புத்தண்ணீர் இறங்கிவிட்டது. இருமினேன். இருமி முடிப்பதற்குள் அடுத்த அலை.

அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. கையை வேக வேகமாக அடித்தேன். மூச்சு நாய் இளைப்பது மாதிரி ஆகிவிட்டது. அடிக்க அடிக்கக் கேலோங் கிட்டே வரவேயில்லை. சம்பானைப் பிடித்துக்கொள்ளலாம் என்று திரும்பினால் சம்பான் பக்கத்தில் இல்லை. துடுப்பைக் கட்டியிருந்த கயிறு அறுந்து, பாக் சமாட் குனிந்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். நீரோட்டம் சம்பானைத் தள்ளிக்கொண்டு போயிருந்தது. கிட்டத்தட்ட அறுபது எழுபது கெஜம். சவரி எழுந்து நின்று கத்தினான்.

"கோவிந்தா! நீந்தாத! மல்லாந்து படு! ஒண்ணும் செய்யாத, படு!"

மூழ்கப்போகிறவனிடம் ஒன்றும் செய்யாதே என்றால் எப்படி இருக்கும்? ஆனாலும் புரண்டு படுத்தேன். உடம்பு விறைத்திருந்ததால் இடுப்பு அமுங்கியது. மூக்கில் தண்ணீர் ஏறியது. ஈயக்குட்டையில் சவரி முதல் நாள் சொன்னது அப்போதுதான் உறைத்தது. மூச்சை இழுப்பது தானாக நடக்கும்; விடுவதை மட்டும் பார்த்துக்கொள் என்பான். விட்டேன். வாயைக் குவித்து, சூடான காப்பியை ஊதுவது போல, உள்ளே ஒன்றும் மிச்சமில்லாத வரைக்கும் விட்டேன். இன்னொரு தடவை. தோள் இறங்கியது. கழுத்தைத் தளர்த்தித் தலையைத் தண்ணீரின் மேல் வைத்தேன், தலையணையில் வைப்பதுபோல. காது இரண்டும் மூழ்கியதும் உலகத்துச் சத்தமெல்லாம் நின்று, என் மூச்சு மட்டும் பெரிசாகக் கேட்டது.

அப்போது நீங்கள் வந்தீர்கள் அப்பா. நான் யார்டுக்கு உங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்த நாட்களில், ரயில் பெட்டிகளை எஞ்சினோடு கோக்கும்போது பச்சைக்கொடியை ஆட்டிக்கொண்டு டிரைவரிடம் சொல்வீர்களே: "மெள்ள... மெள்ள... வரட்டும்... இன்னும் மெள்ள..." யார்டையே அதட்டும் குரல் அந்த ஒரு நேரத்தில் மட்டும் தாலாட்டு மாதிரி ஆகிவிடும். அதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மெள்ள, வரட்டும். மெள்ள.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேன் என்று தெரியாது. பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். ஆனால் மூச்சு என் சொல்லுக்குக் கட்டுப்பட்டது. அலை வந்தால் என்னைத் தூக்கியது, போனால் இறக்கியது. என்னை முழுங்குவதில் அதற்கு ஒரு அக்கறையும் இல்லை. மேலே ஒரு பருந்து வட்டமடித்தது. அன்றைக்குத் துறைமுகத்தில் விழுந்தபோது உங்களுக்கு வயசு இருபது இருக்குமா? "ஒன்றும் செய்யாதே, படு" என்று சொல்ல உங்கள் பக்கத்தில் ஒரு ஆள் இருந்திருந்தால்?

கை கால் நடுக்கம் நின்றதும் புரண்டு, தலையை மேலே வைத்துக்கொண்டு தவளை மாதிரி நிதானமாகப் போனேன். கேலோங்கைப் பார்க்கவே இல்லை. அடுத்த கையை மட்டும் பார்த்தேன். கேலோங் அது பாட்டுக்குக் கிட்டே வந்தது. கம்பத்தைக் கட்டிப் பிடித்தேன். ஒட்டியிருந்த சிப்பிகள் உள்ளங்கையைக் கிழித்ததுகூடப் பிறகுதான் தெரிந்தது. சம்பானும் வந்து சேர்ந்தது.

சவரியின் முகம் வெளுத்திருந்தது. "குதிச்சிருப்பேண்டா. நீ படுத்த பெறகுதான் எனக்கு உசிரு வந்துச்சு" என்றான்.

பாக் சமாட் சிரித்துக்கொண்டே, "சூடா லா, நாயெக்!" என்றார். போதும், ஏறு என்கிறார். நான் வீம்பு பிடிக்கவில்லை. தோளில் பலமில்லை என்று எனக்கே தெரிந்தது. ஏறிக்கொண்டேன். ஆனால் கரைக்கு இருநூறு கெஜம் இருக்கும்போது, "இங்கே இறங்கிக்கிறேன்" என்று மறுபடி குதித்தேன். குதித்ததும் நீந்தவில்லை; முதலில் மல்லாந்து படுத்து நாலு மூச்சு விட்டேன். இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை. அதற்கப்புறம் வந்த தூரம் இருக்கிறதே அப்பா, அதை என்னால் எழுத முடியவில்லை. வெயில் முதுகில் விழ, அவசரமே இல்லாமல் வந்தேன்.

அம்மா கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள்.

"கையில என்னடா ரத்தம்?"

"சிப்பி கிழிச்சிருச்சும்மா."

"பயமா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"பெறகு?"

"பெறகு நல்லா இருந்துச்சு."

முந்தானையால் என் தலையைத் துவட்டினாள், எனக்கு முப்பத்தோரு வயசு என்பதை மறந்து. பிறகு குனிந்து ஒரு கை தண்ணீரை அள்ளி, நாக்கில் வைத்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"இதுமேலதான கப்பல்ல வந்தோம், ஏழு நாளு" என்றாள். "ஒரு தடவகூடத் தொட்டுப் பாக்கலடா."

சோறு ஆறிப்போகிறது என்று சவரி கூப்பிட்டும் அவள் வரவில்லை. புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் வரைக்கும் போனாள். அலை வந்து மோதும்போதெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நீங்கள் போனபிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அப்பா. தனியாக இறங்க மாட்டேன். சொல்லாமல் இறங்க மாட்டேன். தைப்பூசத்துக்குப் பத்துமலை போய்வந்த மறுவாரம் அம்மாவை மறுபடி மோரிப்புக்குக் கூட்டிப்போகிறேன். இடுப்பளவு தண்ணீரில் நிற்க வேண்டுமாம் அவளுக்கு; இப்போதே கேட்டு வைத்துவிட்டாள். நிற்கட்டும். நான் பக்கத்திலேயே இருப்பேன், அவள் கையை விட மாட்டேன்.

உள்ளங்கைக் காயம் ஆறி வரும்,
உங்கள் மூத்த மகன்
கோவிந்தன்