செவ்வாய்க்கிழமை அறிக்கை

மஸ்கட்
4 பிப்ரவரி 2025

என் அருமைப் பாக்கியத்துக்கு,

ஆன்மேரி அன்போடு எழுதுவது. நாங்கள் எல்லோரும் சுகம். ஹாஸ்டல் நாட்களில் நாம் லீவில் எழுதிக்கொண்டது போலவே தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன். போனில் பேசினால் உன் பின்னால் எப்போதும் ஒரு பஸ் ஹாரன் அடிக்கிறது.

உன் செவ்வாய்க்கிழமை அறிக்கை வந்தது. தோல், உணவு, மருந்து என்று கட்டங்களில் டிக் போட்டாலே கண்காணிப்பாளர் வேலை முடிந்துவிடும். நீ எனக்காக அடியில் இரண்டு வரி எழுதுகிறாய். எங்கள் ராயப்பன் அண்ணன் வலது கையால் ஸ்பூனைப் பிடித்துத் தானே ரசஞ்சாதம் சாப்பிட்டார் என்று படித்ததும் ஆபீஸ் பாத்ரூமில் போய் அழுதேன். பக்கவாதத்தில் விழுந்த கை அது. முப்பது வருஷம் பள்ளிக்கூடக் கரும்பலகையில் மயில் வரைந்த கை.

ஒரு சின்னக் குறை. அண்ணனைப் பார்த்துக்கொள்ளும் முத்துச்செல்வி வீடியோ காலில் அரை நிமிஷம்கூட நிற்பதில்லை. "நெட்டு கெடைக்கலக்கா" என்று வைத்துவிடுகிறாள். தன் முகத்தைக் காட்டுவதே இல்லை; அண்ணனையும் தூரத்திலிருந்து, கழுத்துவரை போர்வையோடுதான் காட்டுகிறாள். பேச்சும் போய்விட்ட மனிதர், தனக்கு ஒன்று என்றால் யாரிடம் சொல்வார்? வாரம் ஒரு முறை நீ போய்ப் பார்ப்பாய் என்ற தைரியத்தில்தான், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கே ஆள் அனுப்பும் உங்கள் கம்பெனியில் ஆள் கேட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லு.

உன் சர்க்கரை எப்படி இருக்கிறது? மாத்திரையை விட்டுவிடாதே.

உன்,
ஆன்மேரி

ஒத்தக்கடை
8 பிப்ரவரி 2025

அன்பு ஆன்மேரிக்கு,

பாக்கியம் எழுதுவது. உன் எழுத்து இன்னும் அப்படியே வலப்பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது. பார்த்ததும் சிரித்துவிட்டேன்.

முத்துச்செல்வியைக் கண்டித்துவிட்டேன். கூச்சப்படுகிற பிள்ளை, வேறொன்றுமில்லை. ஆறு மாதப் பயிற்சி முடித்தவள். சான்றிதழை நானே சரிபார்த்துத்தான் அனுப்பினேன். பரவையில் உங்கள் தெருவில் சிக்னல் மோசம் என்பதும் உண்மைதான். வியாழக்கிழமை அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாஸ்டலுக்குப் பொரிகடலைப் பொட்டலத்தோடு வருவாரே, உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று, அதே சிரிப்பு.

எனக்கு வேலைதான் ஆளை நசுக்குகிறது. ஒத்தக்கடையில் ஏறினால் ஆரப்பாளையம், அங்கே இறங்கி இன்னொரு பஸ். சர்க்கரை பரவாயில்லை. அண்ணனை நினைத்து நீ கவலைப்படாதே. நான் இருக்கிறேன்.

என்றும் உன்,
பாக்கியம்

மதுரை, ஆஸ்பத்திரி வராந்தா
20 பிப்ரவரி 2025

பாக்கியம்,

நேற்று முன்தினம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, யாரிடமும் சொல்லாமல் பரவை வீட்டு வாசலில் வந்து இறங்கினேன். பத்து நாள் லீவு கிடைத்தது. அண்ணன் முன்னால் திடீரென்று போய் நிற்க வேண்டும் என்று ஆசை.

கதவைத் திறந்தவள் கழுத்தில் முத்துச்செல்வியின் அடையாள அட்டை தொங்கியது. அட்டையில் இருந்த படம் அவள் முகமல்ல. கையில் பிசைந்த சோறு. உள்ளே அண்ணன் மல்லாந்து கிடந்தார். வாய் நிறையச் சோறு. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் தண்ணீர் கொதிப்பது போலச் சத்தம். நெற்றியில் கை வைக்க முடியவில்லை, அப்படி ஒரு சூடு. பக்கத்து வீட்டு வெள்ளைத்துரை அண்ணன் ஓடிவந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

சோறு நுரையீரலுக்குள் போயிருக்கிறதாம். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, பல நாளாக. போர்வையை விலக்கினால் இடுப்புக்குக் கீழே என் உள்ளங்கை அகலத்துக்குப் புண். எலும்பு தெரிகிறது. வலது கை மூடியபடியே இறுகிக் கிடந்தது. நர்ஸ் மெல்லப் பிரித்தபோது நகங்கள் உள்ளங்கைச் சதைக்குள் இறங்கியிருந்தன. அந்தக் கைதான் ஸ்பூன் பிடித்தது என்று நீ எழுதினாய்.

அந்தப் பெண்ணின் பெயர் அழகம்மாள். முத்துச்செல்வியின் தங்கை. ஆம்புலன்ஸில் என் கூடவே ஏறி அழுதுகொண்டே சொன்னாள்: "அக்கா தீபாவளி முடிஞ்சு திருப்பூருக்கு வேலைக்குப் போயிருச்சு. கார்டை எங்கிட்டக் குடுத்து, நீ போய் நில்லுடி, யாரும் வந்து பாக்க மாட்டாகன்னுச்சு. பாக்கியம் மேடம் வந்துருவாக வந்துருவாகன்னு எம்புட்டு நாள் பயந்துகிட்டு இருந்தேன். ஒரு நாளும் வரலக்கா. ஒக்கார வச்சுத்தான் ஊட்டணும்னு எனக்கு யாரும் சொல்லலக்கா. பொரையேறுனா தண்ணி குடுப்பேன்."

நான் அவளை நம்பவில்லை. பயத்தில் உன் மேல் பழி போடுகிறாள் என்று நினைத்தேன். சாயங்காலம் நான்கு மணி இருக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே நின்று, உன்னைக் கூப்பிடப் போனை எடுத்தேன். அப்போதுதான் உன் அறிக்கை வந்து விழுந்தது. அதை அப்படியே எழுதுகிறேன்:

"இன்று நேரில் சென்று பார்த்தேன். தோல் நன்று. உணவு நன்று. மருந்து நன்று. அண்ணன் இன்று இரண்டு இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்."

கேட்டு வாங்கினாராம். எட்டு மாதமாகப் பேச்சில்லாதவர்.

போன் கையிலிருந்து நழுவிவிட்டது. அதை எடுத்துக் கொடுத்த ஓர் அம்மாள், "யாரும் தவறிட்டாகளாம்மா?" என்று கேட்டார்.

நீ போகவில்லை என்பதைக்கூட நான் எப்படியாவது புரிந்துகொள்வேன், பாக்கியம். அந்த இட்லியை எப்படி எழுதினாய்?

ஆன்மேரி

ஒத்தக்கடை
23 பிப்ரவரி 2025

ஆன்மேரிக்கு,

ஆஸ்பத்திரி வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பினேன். உன் முகத்தைப் பார்க்கும் துணிச்சல் எனக்கு இல்லை.

அழகம்மாள் சொன்னது உண்மை. அக்டோபருக்குப் பிறகு நான் உங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. முத்துச்செல்வியைக் கண்டித்தேன் என்றதும் பொய். நீ குறை சொல்லி எழுதியபோதாவது போயிருக்க வேண்டும். போகவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது பதினெட்டு வீடு. தீபாவளிக்குப் பிறகு நாற்பத்து மூன்று. எல்லா வீட்டுக்கும் வாரம் ஒரு முறை நேரில் போனதாகக் கையெழுத்து வேண்டும் என்றார்கள். "போன்ல கேட்டு எழுதிருங்க மேடம், யாரு வந்து பாக்கப் போறாக?" என்றார் மேனேஜர் ராஜபாண்டி. முதல் வாரம் கை கூசியது. பிறகு போன்கூடச் செய்யவில்லை.

மற்ற வீடுகளுக்கு 'நன்று' என்று போட்டு அனுப்பினேன். உனக்கு அந்த ஒற்றைச் சொல்லை அனுப்ப மனம் வரவில்லை. நீ சந்தோஷப்படும்படி ஏதாவது எழுதலாமே என்று தோன்றியது. ஒரு வாரம் எழுதினேன். படித்துவிட்டு அழுதேன் என்று பதில் போட்டாய். மறுவாரமும் எழுதினேன். எழுத எழுத எனக்கே அதெல்லாம் நடந்தது போல ஆகிவிட்டது. அண்ணன் ஜன்னலோரம் சிரித்தார் என்று நான் சத்தியமே செய்திருப்பேன்.

அட்டையையும் முகத்தையும் ஒத்துப் பார்த்து, ஒரு வாய் ஊட்டச் சொல்லிப் பார்த்திருந்தால் போதும். ஐந்து நிமிஷ வேலை. அதற்காகத்தான் என்னை வைத்திருந்தார்கள்.

என்னை மன்னித்துவிடு என்று எழுதவும் கை வரவில்லை.

பாக்கியம்

மதுரை
25 பிப்ரவரி 2025

பாக்கியம்,

படித்தேன். அண்ணன் இன்னும் குழாய் வழியாகத்தான் மூச்சு விடுகிறார்.

நாற்பத்து மூன்று வீடு என்று எழுதியிருக்கிறாய். அதில் நாங்கள் ஒரு வீடு. மற்ற நாற்பத்திரண்டு வீட்டிலும் உன் 'நன்று' என்ற தாளை யாரோ நம்பிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் கடிதம் எழுதுகிற நேரத்தில் அங்கே போ.

ஆன்மேரி

ஒத்தக்கடை
11 மார்ச் 2025

ஆன்மேரிக்கு,

நாற்பத்திரண்டு வீட்டுக்கும் போனேன். பதினோரு நாள் ஆனது. பல வீடுகளில் பெரிய குறை ஒன்றும் இல்லை. "இப்பத்தான் ஒங்க மூஞ்சியவே பாக்குறோம்" என்று காபி கொடுத்தார்கள். குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

ஆரப்பாளையத்தில் நாங்கள் அனுப்பிய பெண் ஓர் அம்மாளைப் பழைய சேலையால் கட்டிலோடு கட்டிப் போட்டிருந்தாள். மகன் வேலைக்குப் போனதும் கட்டி, அவர் திரும்பி வரும் நேரத்துக்கு அவிழ்த்துவிடுவாளாம். மணிக்கட்டில் தோல் உரிந்து கறுத்திருந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். பொங்கலிலிருந்து என்றாள். பொங்கலுக்குப் பிறகு அந்த அம்மாளுக்கு நான் ஐந்து முறை 'தோல் நன்று' என்று எழுதியிருக்கிறேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து முடிச்சுகளை அவிழ்த்தேன். இன்னொரு வீட்டில் ஒரு வேளைத் தூக்க மாத்திரையை மூன்று வேளையும் கொடுத்து, ஒரு பெரியவர் கண் திறக்காமல் கிடந்தார். வீட்டுக்காரர்களிடம் சொல்லி இருவரையும் உடனே டாக்டரிடம் அனுப்பினேன்.

ஒவ்வொரு வீட்டிலும் நின்று, நான் போட்ட கையெழுத்து பொய் என்று சொன்னேன். ஒருவர் என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினார். எந்தெந்தத் தேதியில் போகாமலே போனதாக எழுதினேன் என்று பட்டியல் போட்டு ஆபீஸில் கொடுத்தேன். "கிழிச்சுப் போடுங்க மேடம், இதுல ஒங்க பேரும்தான் நாறும்" என்றார் ராஜபாண்டி. அந்தப் பட்டியலை நேற்றுத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்கும் இடத்தில் வரிசையில் நின்று கொடுத்துவிட்டேன். இன்று காலை என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

பட்டியலின் நகல் இத்துடன் இருக்கிறது. நீ போலீசில் கொடுக்கும் புகாரோடு சேர்த்துக்கொள். என் பெயரை விட்டுவிடாதே.

அண்ணனை ஒரே ஒரு முறை பார்க்க வேண்டும். அவரிடமே கேட்டுச் சொல். அவர் வேண்டாம் என்றால் வர மாட்டேன்.

பாக்கியம்

பரவை
30 மார்ச் 2025

பாக்கியம்,

அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்து நான்கு நாளாகிறது. மூச்சு சீராக இருக்கிறது. புண் ஆற மாதக்கணக்காகுமாம். என் பிள்ளைகள் அவர்கள் அப்பாவோடு மஸ்கட்டில் இருக்கிறார்கள். நான் இப்போதைக்குத் திரும்பப் போவதில்லை.

புகார் கொடுத்துவிட்டேன். ஆரப்பாளையத்து அம்மாளின் மகனும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அழகம்மாளை இதில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. உன்னைப் பற்றி என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. கம்பெனி பெயருக்கு அடுத்த வரியில் உன் பெயரை என் கையால் எழுதினேன். எழுதிவிட்டு அந்த ஸ்டேஷன் பெஞ்சிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

நீ கேட்கச் சொன்னதையும் கேட்டேன். நேற்றுச் சாயங்காலம் முதுகுக்குத் தலையணை வைத்து அண்ணனை உட்கார்த்தி, "பாக்கியம் ஒங்களப் பாக்க வரணும்கிறா. வரட்டுமாண்ணே?" என்றேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார். காத்திருந்து மறுபடி கேட்டேன். திறக்கவில்லை.

வரட்டும் என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா, வெறும் களைப்பா, எனக்குத் தெரியாது. எனக்குப் பிடித்தபடி ஏதாவது ஒன்றை எழுதிவிட எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டார். நான் பார்த்தது அவ்வளவுதான்.

ஆன்மேரி