பதினோராம் பக்கத்து எடை

என் மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பிஜித் தீவுப் பயணத்தை நிறுத்தவா என்று கேட்டிருந்தாய். நிறுத்தாதே. நியூசிலாந்திலிருந்து நீ தனியாகவே போய் வா. வாப்பா மறைந்தபின் நான் இருக்கும் இத்தா முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதுவரை நான் வாசலைத் தாண்ட முடியாது. எங்கள் ஊர் கீரிக் கடலின் சத்தம் மட்டும் வீட்டுக்குள் வருகிறது. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

வாப்பாவின் கொப்பியை இத்துடன் அனுப்புகிறேன். வழியெல்லாம் அதில் இருக்கிறது. வாடகைக் கார் பிடிக்காதே, யன்னல் இல்லாத ஊர் பஸ்ஸில் போ. மழை வந்தால் படங்கை இறக்கிவிடுவார்களாம். ஹோட்டல் வேண்டாம், கிராமத்து வீடுகளில் தங்கலாம். போனதும் ஊர்த் தலைவருக்கு, அவர்கள் இடித்துக் கரைத்துக் குடிக்கும் கவா வேர் ஒரு கட்டுக் கொடுக்க வேண்டும். "நாங்களும் ஒரு வீட்ட வெறுங்கையோட போறேல்லைத்தானே" என்று சொல்லி, வாப்பா அதைச் சிவப்புப் பேனையால் எழுதினார்.

கடைசித் தீவுக்குச் சின்ன விமானம். ஏறுமுன் ஆட்களையும் நிறுப்பார்களாம். நீ, நான், வாப்பா மூன்று பேரின் எடையும் பதினோராம் பக்கத்தில் இருக்கிறது. தனக்கு அறுபத்தெட்டு கிலோ என்று போட்டிருக்கிறார்.

"பொய் எழுதாதீங்கோ" என்றேன்.

"போறதுக்கிடையில குறைச்சுப்போடுவன்" என்றார்.

வாப்பாவை வைத்த சந்தூக்கை அடக்கம் செய்ய மையவாடிக்குச் சுமந்துபோன உன் முபீன் மாமா, திரும்பி வந்து தோளைத் தடவிக்கொண்டு, "மச்சான் சரியான பாரம்" என்றார்.

அந்த அறுபத்தெட்டை நான் வெட்டவில்லை. அங்கே கேட்டால் உன்னுடையதை மட்டும் சொல்.

துஆவுடன்,
உம்மா